மீசை தேயும் மீன்கள்: கல்லை எடுத்து மணல் போடும் முன்...

கேள்வி: “வீட்டுக் கொல்லையில் ஷெட் போட்டு, மூன்றடித் தொட்டிகள் ஆறில் கோரிடோரஸ் மீன் வளர்க்கிறேன். குஞ்சுகளைக் கொளத்தூர் வியாபாரிகளுக்குக் கொடுக்கிறேன். ஆறு மாதமாகத் தாய் மீன்களின் மீசை தேய்ந்துகொண்டே வருகிறது. சிலவற்றுக்கு மீசையே இல்லை. முட்டையும் குறைந்துவிட்டது. அடியில் கிடக்கும் கலர் கல்தான் காரணம், மணல் போடுங்கள் என்று ஒருவர் சொன்னார். ஒரு தொட்டியில் கல்லை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவி, வீடு கட்டியதில் மிச்சமிருந்த எம்-சாண்டைப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்பது தாய் மீன்கள் செத்துக் கிடந்தன. மீதி ஐந்து தொட்டிகளை என்ன செய்வது? குழுவில் வாங்கிய கடன் இன்னும் பாதி இருக்கிறது.”

வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: மணல் போடச் சொன்ன யோசனை சரியானதுதான். ஒன்பது மீன்களும் செத்தது அதைச் செய்த விதத்தால். மீதி ஐந்து தொட்டிகளிலும் மணல் போடலாம், போடவும் வேண்டும். ஆனால், இன்றைக்கே கல்லில் கை வைக்கக் கூடாது. குறைந்தது ஆறு வாரம் பொறுக்க வேண்டும். ஏன் என்பது கீழே.

முதலில், இந்த மீன் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும். கோரிடோரஸ் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த சின்னக் கெளுத்தி. மூக்கை மணலில் குத்தி, ஒரு வாய் மணலை அள்ளி, அதிலிருக்கும் புழுவையும் இரையையும் விழுங்கிவிட்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். பகல் முழுக்க இதுதான் அதற்கு வேலை. மீசைதான் அதற்கு விரலும் நாக்கும். இரை எங்கே இருக்கிறது என்று தடவித்தான் கண்டுபிடிக்கும். நம் ஊர் அயிரையும் இதே வகைப் பிழைப்புதான் நடத்துகிறது. மதுரைப் பக்கம் அயிரைக் குழம்பு வைக்கிறவர்கள் உயிர் மீனைப் பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு மண்ணைக் கக்க வைப்பார்களே, அது இதனால்தான். மணலில் மேயும் மீனின் வயிற்றில் மணல் இல்லாமல் இருக்காது.

அப்படிப்பட்ட மீனைக் கடலைப் பருப்பு அளவு கல்லின் மேல் விட்டால், வாயில் அள்ளவும் முடியாது, மூக்கைக் குத்தவும் முடியாது. போட்ட தீனி கல் இடுக்கில் இறங்கிவிடும். அதைத் தேடி மீன் முட்டிக்கொண்டே இருக்கும். கலர் கல் பல நேரம் உடைத்த கல்லுக்குச் சாயம் ஏற்றியதாக இருக்கும். அதன் விளிம்பு விரலில் தேய்த்துப் பார்த்தாலே உறைக்கும்.

ஆனால், மீசை தேய்வதற்குக் கல்லின் கூர்மை மட்டும் காரணம் என்று நினைத்தால் மணல் போட்டும் பலன் இருக்காது. பெரிய காரணம், இடுக்கில் தங்கும் அழுக்கு. தின்னாமல் விட்ட தீனி, எச்சம், இலை அழுகல் எல்லாம் கல்லுக்கு அடியில் சேறாகச் சேர்கிறது. அதில் பெருகும் கெட்ட பாக்டீரியா, ஏற்கெனவே சிராய்த்த மீசையில் ஏறி அழுக வைக்கிறது. கல்லே போடாத வெறும் கண்ணாடித் தொட்டியிலும், அடியில் வழவழவென்று படலம் படிய விட்டால் இதே மீன்களுக்கு மீசை கரைவதுண்டு. அதாவது மணல் போட்ட பிறகும் அடியைச் சுத்தமாக வைத்தால்தான் மீசை நிற்கும். மணலில் உள்ள வசதி, அழுக்கு உள்ளே இறங்காமல் மேலேயே கிடக்கும்; கண்ணுக்குத் தெரியும், உறிஞ்சி எடுக்கலாம்.

இனி, அந்த மூன்றாம் நாள் என்ன நடந்தது என்பதற்கு வருவோம்.

வயலில் யூரியா போட்டால் அது அமோனியாவாகி, பிறகு மண்ணிலுள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிப் பயிருக்குக் கொடுக்கிறது. மீன் தொட்டியிலும் இதே வேலை நடக்கிறது. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, தண்ணீரில் மிதப்பதைவிடப் பரப்புகளில் ஒட்டிக்கொண்டுதான் அதிகம் வாழும். தொட்டியில் அதிகப் பரப்பு உள்ள பொருள் எது? கல்தான். அதுவும் கல்லுக்கு அடியில் துளைத் தட்டு வைத்து ஏர் பம்ப்பால் தண்ணீரை இழுக்கும் அடித்தட்டு ஃபில்டர் இருந்தால், அந்தக் கல்லே முழு ஃபில்டர். வாசகி கல்லை எடுத்து, தட்டையும் கண்ணாடியையும் கழுவியபோது, மாதக்கணக்கில் உருவான பாக்டீரியா மொத்தமும் வாய்க்காலுக்குப் போய்விட்டது. மீன்கள் வழக்கம்போலத் தின்று கழித்தன. அமோனியாவை மாற்ற ஆளில்லை. முதல் நாள் தெரியாது, இரண்டாம் நாள் மீன் மேலே வந்து மேலே வந்து காற்றுக் குடிக்கும், மூன்றாம் நாள் சாகும். கோரிடோரஸ் இயல்பாகவே அவ்வப்போது மேலே வந்து காற்று விழுங்கும் மீன் என்பதால், இரண்டாம் நாள் அறிகுறியைப் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

போர்வெல் தண்ணீர் இதை இன்னும் மோசமாக்கும். நம் பகுதிகளில் பல கிணறுகளின் தண்ணீர் கார அமில நிலை 8-ஐ ஒட்டி இருக்கிறது. அமோனியாவில் விஷமுள்ள பங்கு, 7-ல் இருப்பதைவிட 8-ல் ஏறக்குறைய பத்து மடங்கு. தண்ணீர் சூடு ஏற ஏற அதுவும் ஏறும். சித்திரை, வைகாசியில் ஷெட்டுக்குள் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது தவறு எம்-சாண்ட். அது கருங்கல்லை உடைத்துச் செய்தது. ஒவ்வொரு துகளும் முனையுள்ளது. அந்த முனைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் கட்டுமானத்துக்கு ஆகிறது, மீனின் வாய்க்கு ஆகாது. எவ்வளவு கழுவினாலும் கல்மாவு போய் முடியாது, அது செவுளில் படியும். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்டும் அதே ஜாதிதான், துகள் மட்டும் சிறியது. கடற்கரை மணலும் வேண்டாம். உப்பு, கிளிஞ்சல் இரண்டும் தண்ணீரைக் கெடுக்கும்.

தேவை, உருண்டு தேய்ந்த மணல். பழைய கட்டட வேலையில் மிச்சமான ஆற்று மணல் யாரிடமாவது இருந்தால் போதும். அனுமதியில்லாமல் ஆற்றில் போய் அள்ளினால் வழக்கில் கொண்டுபோய் விடும், அதுவும் இருபது கிலோவுக்காக. ஆற்று மணல் கிடைக்காவிட்டால், நீச்சல் குளம், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களில் போடும் ஃபில்டர் மணல் மூட்டையாகக் கிடைக்கும். அரை மில்லிமீட்டரை ஒட்டிய துகள் உள்ளதாகக் கேட்டு வாங்கி, வாங்கும் முன் ஒரு பிடியை உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். குத்தினால் வேண்டாம். ஆற்று மணலாக இருந்தால் கொசுவலையில் சலித்து, மேலே நிற்கும் பொடிக்கல்லை ஒதுக்கிவிட வேண்டும். ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விட்டுப் பார்ப்பதும் நல்லது. நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. ஏற்கெனவே கடினமான போர்வெல் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள தொட்டியில் 3 செ.மீ உயரத்துக்குப் போட சுமார் 20 கிலோ ஆகும். அதற்கு மேல் வேண்டாம். மீன் மூக்கு இறங்க 3 செ.மீ போதும். 5 செ.மீ தாண்டினால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் வரத் தொடங்கும். மணலைப் பக்கெட்டில் கால் பங்கு போட்டு, ஹோஸ் பைப்பை அடி வரை விட்டு, கலக்கிக் கலக்கி வழியவிட வேண்டும். தெளிந்த தண்ணீர் வழியும் வரை, அதாவது பொறுமை போன பிறகு இன்னும் இரண்டு முறை.

வெள்ளை மணல், கறுப்பு மணல் என்று கடைகளில் காட்டுவார்கள். வெள்ளையில் மீன் வெளிறிப் போகும், அழுக்கும் பளிச்சென்று தெரியும். விற்பனைக்கு வளர்க்கிறவர்களுக்கு ஆற்று மணல் நிறமே நல்லது.

இப்போது வேலை. இதில் முதல் ஆறு வாரத்தில் கல்லைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பெரிய ஸ்பான்ஜ் ஃபில்டரை, இருக்கும் ஃபில்டருடன் கூடவே ஓட விட வேண்டும். அடித்தட்டு ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். காரணம், மணல் போட்டால் அந்தத் தட்டு பயன்படாது. மணல் துளையில் இறங்கி அடைத்துவிடும். ஸ்பான்ஜில் பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அவசரப்படுகிறவர்கள் பழுத்த தொட்டியின் அழுக்குத் தண்ணீரைப் புது ஸ்பான்ஜின் மேல் பிழிந்து விடுவதுண்டு. அது உதவும், ஆனாலும் வாரக் கணக்கைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இடையில் ஸ்பான்ஜைக் கழுவ நேர்ந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும்.

ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு தொட்டியை மட்டும் மாற்ற வேண்டும். மீசை அதிகம் தேய்ந்த தொட்டியாக இருக்கட்டும். முந்தின நாள் தீனி போடக் கூடாது. காலையில், அடியைக் கலக்கும் முன்பே, மேல் தண்ணீரில் பாதியைச் சுத்தமான டப்களில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மீன்களை அந்தத் தண்ணீருக்கு மாற்றி, ஸ்பான்ஜ் ஃபில்டரையும் அதே டப்பில் போட்டு, காற்று ஓட விட வேண்டும். ஸ்பான்ஜைத் தரையில் வைத்துக் காய விட்டால் ஆறு வார உழைப்பும் அங்கேயே முடிந்தது. மீனை வலையில் பிடிப்பதைவிட டப்பாவில் ஒதுக்கி அள்ளுவது நல்லது. கோரிடோரஸின் முதுகிலும் பக்கத் துடுப்பிலும் முள் உண்டு. வலையில் மாட்டினால் இழுக்காமல் வலையைத்தான் வெட்ட வேண்டும். கையில் குத்தினாலும் கடுகடுக்கும்.

மீன் வெளியேறிய பிறகுதான் கல்லைத் தொட வேண்டும். கல்லைக் கிளறும்போது அடியில் தேங்கிய விஷ வாயுவும் சேறும் ஒன்றாகக் கிளம்பும். மீனைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு, முறத்தால் கல்லை அள்ளிய பலரும் அன்று மாலைக்குள் வருத்தப்பட்டிருக்கிறார்கள். கல்லை எடுத்து, மிச்சமிருக்கும் கலங்கல் தண்ணீரை வெளியேற்றி, அடியை மட்டும் துடைத்தால் போதும். பக்கக் கண்ணாடிகளில் படிந்த பச்சையைத் தேய்க்க வேண்டாம், அதிலும் கொஞ்சம் பாக்டீரியா இருக்கிறது. எடுத்த கல்லில் இரண்டு மூன்று கிலோவை, சேறு போகத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசி, வெங்காய வலைப்பையில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

கழுவிய மணலை ஈரமாகவே பரப்பி, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, எடுத்து வைத்த பழைய தண்ணீரைத் தட்டின் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். மீதி அளவுக்கு, முந்தின நாளே பிடித்துக் காற்று ஓட விட்ட தண்ணீர். கலங்கல் அரை நாளில் இறங்கும். இறங்கிய பிறகு ஸ்பான்ஜ், வலைப்பைக் கல், கடைசியாக மீன். வலைப்பை ஒரு மாதம் தொட்டியின் மூலையில், தண்ணீர் ஓட்டம் இருக்கும் பக்கம் தொங்கட்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

முதல் இரண்டு நாள் தீனி கிடையாது. அடுத்த ஒரு வாரம் பாதித் தீனி. மீன் தொட்டிப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிட வேண்டும். ஒரு தாய் மீன் சாவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. பத்து நாளைக்குத் தினமும் பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டு வாரம் பிரச்னை இல்லாமல் போனால் அடுத்த தொட்டி. இப்படி ஒன்றொன்றாகப் போனால் ஐந்து தொட்டிக்கும் மூன்றரை மாதம் ஆகும். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இது நீண்ட காலமாகத் தெரியும். ஆனால், ஐந்தையும் ஒரே வாரத்தில் மாற்றி ஏதாவது தவறினால், முட்டைக்கு ஒரு தாய் மீன்கூட மிஞ்சாது.

எம்-சாண்ட் போட்ட தொட்டி: இதழ் கைக்கு வரும் நேரத்தில் அங்கே பாக்டீரியா ஓரளவு திரும்பியிருக்கலாம். டெஸ்ட் கிட்டில் பார்க்காமல் நம்ப வேண்டாம். பக்கத்துத் தொட்டியின் கல்லில் இரண்டு கிலோவை வலைப்பையில் கட்டி உடனே அதில் தொங்கவிட்டு, தீனியைப் பாதியாகக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் மீதி மீன்களைக் காப்பாற்றலாம். எம்-சாண்டை அப்புறம், மேலே சொன்ன முறையில் எடுத்துக்கொள்ளலாம்.

மணல் போட்ட பிறகு சுத்தம் செய்யும் முறையும் மாறும். கல்லுக்குள் குத்திய டியூப்பை மணலில் குத்தினால் மணலே வெளியே வந்துவிடும். டியூப்பை மணலுக்கு ஒரு விரல் மேலே பிடித்து, லேசாகச் சுழற்றினால் அழுக்கு எழும்பி உள்ளே போகும். வாரம் ஒரு முறை விரலால் மணலைக் கிளறிவிட வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனை வாங்கி விடுகிறார்கள். அது கண்ணாடிப் பாசியைச் சுரண்டும், தன் பங்குக்கு மணலில் அழுக்கும் போடும். பெரிதாகிவிட்டது என்று ஏரியில் கொண்டுபோய் விடுவதைச் செய்யவே கூடாது. பல ஏரிகளில் மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பது அதுதான்.

தேய்ந்த மீசை திரும்ப வருமா? அடிக்கட்டை மிச்சமிருந்தால், சுத்தமான மணலில் சில வாரங்களில் வளரத் தொடங்கும். அடியோடு அழுகிப் போயிருந்தால் வராது. அப்படிப்பட்ட மீன் விற்பனைக்கு ஆகாது, ஆனால் இரையைத் தேட முடிந்தால் தாய் மீனாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மூழ்கும் தீனியை ஒரே இடத்தில், விளக்கை அணைத்த பிறகு போட வேண்டும். மீசை அழுகலுக்குக் கல் உப்பை அள்ளிப் போடும் பழக்கம் பண்ணைகளில் இருக்கிறது. கெண்டைக்குத் தாங்கும் அளவு இந்தக் கெளுத்திக்குத் தாங்காது.

முட்டை பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் ஆற்றில் குளிர்ந்த தண்ணீர் வருவதுதான் இந்த மீனுக்கு அடையாளம். மீன் தேறி, புழுத் தீனி நன்றாக எடுக்கத் தொடங்கிய பின், வழக்கத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த தண்ணீராகப் பாதி மாற்றிவிட்டால், ஓரிரு நாளில் கண்ணாடியில் முட்டை ஒட்டத் தொடங்கும். மழை பெய்யும் நாளில் செய்தால் இன்னும் நல்லது. மணல் புதிதாகப் போட்ட தொட்டியில் இதை முதல் மாதமே முயல வேண்டாம்.

கேள்வி: “சிமென்ட் தொட்டியில் அயிரை வளர்க்க நினைக்கிறேன். அடியில் மணல் அவசியமா? சாப்பிடுகிறவர்கள் மண் கடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட மாட்டார்களா?”

வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: அவசியம். அயிரை பயந்தால் மணலுக்குள்தான் புதையும். வழவழப்பான வெறும் சிமென்ட் தரையில் ஒளிய இடமில்லாமல் ஓடி ஓடி உரசிப் புண்ணாகும். இரண்டு விரல் உயரத்துக்கு மெல்லிய மணல் போதும். ஜல்லியும் எம்-சாண்டும் இதற்கும் ஆகாது. புதுச் சிமென்ட் தொட்டியாக இருந்தால், மணல் போடும் முன்பே தண்ணீரை நிரப்பி, சில நாள் நிறுத்தி, இறைத்து, மறுபடி நிரப்பி, இப்படி மூன்று நான்கு வாரம் காரம் போகச் செய்ய வேண்டும்.

மண் கடிக்கும் பிரச்னைக்கு, மணல் இல்லாத சின்னத் தொட்டி ஒன்றைத் தனியாகக் கட்டிவிடுவது நல்லது. விற்பனைக்கு முந்தின நாள் பிடித்து, தீனி இல்லாமல், சுத்தமான தண்ணீரில் காற்று ஓட விட்டு ஒரு இரவு வைத்தால் பெரும்பாலான மண்ணைக் கழித்துவிடும். காலையில் அடியில் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். மிச்சத்தை, வாங்கிப் போகிறவர் வீட்டுத் தேங்காய்ப் பால் பார்த்துக்கொள்ளும்.